யார் சொன்னது என்று கேட்பதற்கு முன்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

உங்கட தமிழ்ப் பள்ளி வாணி விழாவில் "யார் சொன்னது?" என்று ஒரு சுற்று வைக்கப்போவதாகவும் முப்பது கேள்வி வேண்டுமென்றும் எழுதியிருந்தாய். முப்பது கூடிப்போச்சு. 20 போதும், கையிருப்பாக 4 வைத்துக்கொள். வரியையும் நாலு விடையையும் நிதானமாக வாசிக்க அரை நிமிடம், பிள்ளைகள் யோசிக்க 20 செக்கன், விடை சொல்லிப் புள்ளி போட இன்னொரு அரை நிமிடம். 20 கேள்விக்கே அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்துவிடும்.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல், ஒரு வரிக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கலாம் என்பது: கதைக்குள் பேசியவர், எழுதியவர், பிறகு மேடையில் பரப்பியவர். "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்று கேட்டுப் பார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலும் கோவலன் கூத்தும் பார்த்து வளர்ந்த இங்கத்தைப் பிள்ளை "கண்ணகி" என்று கத்தும். புத்தகத்தில் படித்த பிள்ளை "இளங்கோவடிகள்" என்று எழுதும். ரெண்டுக்கும் புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே "பாண்டியன் அவையில் இப்படிப் பேசிய பாத்திரம் யார்?" என்று கேள். "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" திருமூலரின் திருமந்திர வரி. அதை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தவர் அண்ணாத்துரை. அந்த ரெண்டு பேரையும் ஒரே கேள்வியின் விடைகளில் சேர்க்காதே, பெற்றோர் எழும்பி வருவார்கள்.

சில வரிகளுக்கு உண்மையிலேயே ரெண்டு இடம் உண்டு. "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" மணிமேகலை என்று பள்ளியில் படிப்பிப்பார்கள். புறநானூறு 18ஆம் பாட்டிலும் அதே வரி இருக்கிறது. குடபுலவியனார் பாண்டியனைப் பார்த்து, பள்ளமான இடமெல்லாம் நீரைத் தேக்கு, அதுதான் உன் பெயரை நிலைக்க வைக்கும் என்று சொன்ன பாட்டு அது. இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பி விதைக்கிற எங்களுக்கு அதைவிட நெருக்கமான பாட்டு எது? அதைக் கேட்க ஆசையென்றால் முந்திய அடியையும் சேர்த்துக் கொடு. "நீர் இன்று அமையா யாக்கைக்கு எல்லாம்" என்று தொடங்கினால் புறநானூறு, "மண் திணி ஞாலத்து வாழ்வோர்க்கு எல்லாம்" என்றால் மணிமேகலை.

ஔவையாரிலும் கவனம் வேண்டும். "நாடா கொன்றோ காடா கொன்றோ" என்று புறநானூறு 187 பாடிய சங்கப் புலவர் வேறு, ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பாடிய ஔவையார் பிற்காலத்தவர். விடைத்தாளில் வெறும் "ஔவையார்" என்று எழுதாமல் நூலின் பெயரையும் எழுது. "அறம் செய விரும்பு" ஔவையாரின் ஆத்திசூடி, "அச்சம் தவிர்" பாரதியின் புதிய ஆத்திசூடி. ரெண்டும் அகரத்தில் தொடங்குவதால் நல்ல சோதனை.

வள்ளுவர் சொன்னார் என்று யாராவது ஒரு வரி அனுப்பினால் முதலில் சீரை, அதாவது அடியில் பிரிந்து நிற்கிற சொற்கூறுகளை, எண்ணு. குறளென்றால் முதல் அடியில் 4 சீர், இரண்டாம் அடியில் 3. "உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார்மற் றெல்லாம் / தொழுதுண்டு பின்செல் பவர்" என்று பிரித்துப் பார்த்தால் விளங்கும். கணக்குப் பிழைத்தால் குறள் இல்லை. சரியாக வந்தாலும் அதிகார எண்ணைப் பார்க்காமல் சேர்க்காதே. குறள் வெண்பா எழுதத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். "நன்றி மறவேல்" ஆத்திசூடி, "நன்றி மறப்பது நன்றன்று" குறள் 108. இந்த ரெண்டையும் அடுத்தடுத்த கேள்வியாக வை.

பிழை விடைகளைத் தெரிவதுதான் மினக்கெட்ட வேலை. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று போட்டு, கணியன் பூங்குன்றனாரோடு பாரதியையும் காந்தியையும் அப்துல் கலாமையும் வைத்தால் நெல்லுக்குள் சோளம் கிடக்கிற மாதிரி விடை தனியாகத் தெரியும். கபிலர், பரணர், ஔவையார் என்று அதே காலத்தவரை வை. "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்றால் அப்பரோடு சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர். சரியான விடை அ, ஆ, இ, ஈ நாலிலும் ஐந்தைந்து தடவை வருகிறதா என்று கடைசியில் எண்ணிக்கொள். எழுதுகிற கை தன்பாட்டில் நடு ரெண்டுக்குத்தான் போகும்.

யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமிகள் இளமையில் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தளக் களஞ்சியத்தில் இருந்தவர் என்பதால் அவரையும் சேர்க்கச் சொல்லித்தான் மனம் சொல்லும். "எப்பவோ முடிந்த காரியம்" என்பதைக் கேள். ஆனால் அவருடைய குரு செல்லப்பா சுவாமிகளின் பெயரை விடைகளில் வைக்காதே. அந்த வாக்குக் குருவிடமிருந்து வந்தது என்று யோகரே பாடியிருக்கிறார்.

வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றிய நாடக வசனங்களை அறவே விட்டுவிடு. அவை நாடகம் எழுதியவர்களின் சொற்கள். கற்சிலைமடுவில் நட்ட கல்லில் இருந்த வாசகமும், 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்த செய்தியைச் சொல்கிற எதிரியின் வாசகம்தான்.

பெரிய பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கேள்வி ரெண்டு போதும். "நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரும் கொடுப்பேன்" என்பது பிரெஞ்சு அறிஞர் வோல்ட்டேயர் எழுதியதல்ல. அவர் மனப்போக்கை விளக்க 1906இல் ஈவ்லின் பியட்ரிஸ் ஹோல் எழுதிய வசனம். பாண் இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்பதும் பிரான்ஸ் அரசி மரீ அந்துவானெத் சொன்னதாக நிறுவப்படவில்லை. எழுத்தாளர் ரூசோ தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பெரிய இளவரசி அப்படிச் சொன்னதாகத்தான் எழுதினார், பெயர் இல்லை. அதை எழுதிய 1765 அளவில், 1755இல் பிறந்த மரீ வியன்னாவில் சிறுபிள்ளை. வட்ஸ்அப்பில் படத்தோடு வருகிற ஐன்ஸ்டைன், கலாம் பொன்மொழிகளுக்கு, எந்த உரை, எந்த ஆண்டு என்று கிடைக்காதவரை இடம் கொடுக்காதே.

வரிகளைச் சரிபார்க்க பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தருகிற மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் உதவும். தேடும்போது முழு வரியை அடித்தால் ஒன்றும் வராது. பழைய பதிப்புகள் சீர் பிரித்து அச்சிட்டிருக்கும். மேலே உள்ள குறளில் "மற்றெல்லாம்" என்று தேடினால் அகப்படாது, "உழுதுண்டு" என்றால் உடனே வரும். வரியின் முதற்சொல் ஒன்றை மட்டும் போடு.

எழுதி முடித்ததும் விடைகளை மறைத்து 24 கேள்வியையும் எனக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக அனுப்பு. நாங்கள் இருவரும் வேறு வேறு விடை சொல்லி, ரெண்டு பேரும் நூலைக் காட்டினால் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு கையிருப்பிலிருந்து ஒன்றைப் போடு.

அன்புடன்,
அப்பா