நூலக வளாகத்தில் ஒரு தேடல் விளையாட்டு: பொது நூலகத் துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு பொது நூலகத் துறை இயக்குநர் அவர்களுக்கும் நூலகர்கள் அனைவருக்கும்,

வணக்கம். கோடை விடுமுறையில் நம் நூலகங்கள் பலவற்றில் கதை சொல்கிறார்கள்; ஓவியமும் சதுரங்கமும் கற்றுத் தருகிறார்கள். அதோடு இயற்கைத் தேடல் விளையாட்டையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். பிள்ளைகள் கையில் ஒரு தாளைக் கொடுத்து, இலை, பூச்சி, பறவை என்று வளாகத்துக்குள்ளேயே தேடவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குக் காடு வேண்டாம். சுவரோரம் மழை படாத புழுதியில் கூம்பாகச் சின்னக் குழிகள் இருந்தால், அடியில் குழியானை என்ற பூச்சிப்புழு எறும்புக்காகக் காத்திருக்கிறது. புங்க இலையில் கொப்புளமாய்ப் புடைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிரின் வேலை. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். எருக்கில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும்.

சரி, இதைப் பூங்காவில் நடத்தினால் போதாதா? போதாது. குழியானையைக் கண்டுபிடித்த பிள்ளை, "இது வளர்ந்தா என்ன ஆகும்?" என்று கேட்கும். சிறகு முளைத்துத் தட்டானைப் போலப் பறக்கும் என்ற பதிலை அதுவே ஒரு புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் நூலகம். பூச்சி, பறவை, மரம் பற்றிய தமிழ் நூல்களை அன்று அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்து வையுங்கள்.

தேடல் தாளை வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து எழுத வேண்டாம். பைன் காயையும் ஓக் கொட்டையையும் நம் பிள்ளைகள் எங்கே போய்த் தேடுவார்கள்? சித்திரை என்றால் வேப்பம்பூ, மழை தொடங்கினால் செக்கச்செவேலென்று தம்பலப்பூச்சி என அந்தந்த ஊரும் பருவமும் தாளில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத வாண்டுகளுக்குப் படம் போதும். குயிலின் குரல், துளசியின் வாசம் என்று சிலவற்றைச் சேர்த்தால் பார்வையற்ற பிள்ளைகளும் ஆடலாம்.

"பறித்து வா" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே காலையில் செடிகள் மொட்டையாகிவிடும். எருக்கம்பால் கண்ணுக்கு ஆபத்து, அரளி நஞ்சு. அதனால் பார்த்து, வரைந்து, குறித்துக்கொண்டால் போதும். முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்பதும் வேண்டாமே. ஓடுகிற பிள்ளை எதையும் பார்ப்பதில்லை.

ஊர்ப்புற நூலகத்தை ஒருவரே கவனித்துக்கொள்கிறார் என்பது தெரியும். அங்கெல்லாம் வாசகர் வட்டத்தையும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் கூப்பிடலாம். செலவு தாளும் பென்சிலும்தான். 1948-லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்து இந்தியாவுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகவும் செலுத்துகிறோம். இந்தச் சிறு செலவுக்கு அதில் இடமிருக்கும் என்று நம்புகிறேன்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் இருக்கும் செயற்கை மரத்தடியில் பிள்ளைகள் ஆசையாக உட்கார்கிறார்கள். வெளியே நிற்கும் மரங்களிடமும் அவர்களை அழைத்துப் போங்கள். வரும் மே மாதம் மாவட்ட மைய நூலகங்களில் வாரம் ஒரு காலை, வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தொடங்குங்கள். அப்புறம் கிளை நூலகங்களுக்கும் கொண்டு போகலாம். எங்கள் ஊர் நூலகத்துக்கான தாளைத் தயாரிக்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
நூலக வாசகர் ஒருவர்