நாளக்கழிச்சுக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தினமும் ஒரு கட்டத்துக்குள் ஓர் ஆங்கிலச் சொல்லும் பொருளும் வருகின்றன. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வருகிறாள். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் கம்ப்யூட்டர், கம்பெனி சம்பந்தப்பட்ட சொற்கள். சரி, காலத்துக்கு வேண்டியதுதான். ஆனால் வாரத்தில் ஒருநாளாவது அந்தக் கட்டத்தைப் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு ஒதுக்கலாமே என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத் தட்டச்சராக இருந்தவன். பழைய ஆங்கிலம் என்றதும் 'அஃபோர்செய்ட்', 'ஹியரின்பிஃபோர்' என்று நான் அடித்துத் தள்ளியவற்றைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவை ஒழிந்தால் சந்தோஷம். என் விரல் தேய்ந்ததில் பாதி அவற்றால்தான். நான் சொல்வது வேறு ரகம். ஓய்வுக்குப் பிறகு, ஒரு வக்கீல் வீட்டில் எடைக்குப் போடவிருந்த கனத்த அகராதியைக் கேட்டு வாங்கி வந்தேன். அதோடுதான் என் மத்தியானங்கள் போகின்றன.

"நாளக்கழிச்சுன்னு நாம ஒரே வார்த்தையில சொல்லுதோம். இங்கிலீஷ்ல மட்டும் ஏன் தாத்தா டே ஆஃப்டர் டுமாரோன்னு மூணு வார்த்தை?" என்று பேத்தி கேட்டாள். ஒரே சொல் இருந்தது: 'ஓவர்மாரோ'. 1535-இல் அச்சான மைல்ஸ் கவர்டேலின் ஆங்கில வேதாகமத்தில் அது உண்டு. அதற்கு உறவான 'யூபர்மோர்கன்' என்ற சொல்லை ஜெர்மானியர் இன்றும் சொல்கிறார்கள். நம் முந்தாநாளுக்கு நேராக 'எர்யெஸ்டர்டே' என்றும் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் இரண்டையும் தொலைத்துவிட்டார்கள்.

'ஃபோர்ட்நைட்' நம்மிடம் பிழைத்திருக்கிறது. பதினான்கு இரவு என்பது சுருங்கி அப்படி ஆனது. ஏழு இரவுக்கு 'செனைட்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. அதே இரண்டு வாரத்தை நாம் பதினைந்து நாள் என்கிறோம், ஒரு வாரத்தை எட்டு நாள் என்கிறோம். புறப்படும் நாளையும் சேர்த்து எண்ணுவது நம் கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது 'தௌ'. தேவாலயத்தில் கேட்டுக் கேட்டு இது ஏதோ பெரிய மரியாதைச் சொல் என்று பாளையங்கோட்டைப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது வெறும் 'நீ'தான். நாம் முருகனை உரிமையோடு 'நீ' என்று பாடுவதில்லையா, அதுபோல. 'யூ' என்பது முதலில் பலரைக் குறித்தது, பிறகு ஒருவருக்கு மரியாதையானது. நம் 'நீங்கள்' வந்த வழியும் அதுவே. ஆனால் 'யூ' வந்து 'தௌ'வை விரட்டிவிட்டது. அதனால்தான் ஆங்கிலத்தில் ஜட்ஜும் 'யூ', வாசலில் நிற்கும் டவாலியும் 'யூ'. நம் ஊரிலோ நீ, நீங்க இரண்டும் போக நடுவில் "என்னவே, எப்ப வந்தீரு?" என்று ஒரு 'நீரு' வேறு இருக்கிறது. இதைச் சொல்லித் 'தௌ'வை விளக்கினேன். பேத்திக்கு ஒரே நிமிடத்தில் பிடிபட்டது.

'ஹிதர்' என்பதும் அப்படித்தான். 'ஹியர்' என்றால் இங்கன, 'ஹிதர்' என்றால் இங்கிட்டு. "இங்கிட்டு வா" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அதில் என்ன கஷ்டம்? எங்கிட்டு என்பதற்கு 'விதர்' இருக்கிறது. ஆனால் வெளியே கிளம்புகிறவரை அப்படிக் கேட்டால் நம் பக்கத்தில் காரியம் கெட்டுவிடும் என்பார்கள். "தூரமா?" என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு அகராதியில் ஒன்றும் அகப்படவில்லை.

இந்தச் சொற்களால் மார்க் வராது என்று தெரியும். பேத்தி கட்டுரையில் 'ஓவர்மாரோ' என்று எழுதி, சிவப்பு மையில் சுழி வாங்கி வந்திருக்கிறாள். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்று டீச்சர் சொல்லிவிட்டார்களாம். தாத்தா சொன்னார் என்றால் எடுபடுமா? பேப்பரில் வந்தால் எடுபடும். முதல் சொல்லாக அதையே போடுங்கள். திங்கட்கிழமை போட்டால் நல்லது. அன்றைக்கு முதல் பீரியட் ஆங்கிலமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
பாளையங்கோட்டை.