நகம் இருந்தால் ஊனுண்ணியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அழிந்துபோன விலங்குகள் பற்றிய கட்டுரையோடு வெளியான படத்தில், காலிகோதீரியம் தன் வளைந்த நகத்தால் மானைக் கிழிக்கிறது. உண்மையில் அது இலை தின்னி. குதிரை, காண்டாமிருகம் சேர்ந்த குளம்பிகள் கூட்டத்தில், குளம்பை விட்டு நகம் வளர்த்த கிளை.

குழப்பம் புதிதல்ல. ஜெர்மனியில் எப்பெல்ஷைமில் கிடைத்த நகவிரல் எலும்பைப் பார்த்த பிரெஞ்சு இயற்கையியலாளர் கூவியே, ஏதோ ராட்சத அழுங்கு என்றே நினைத்தார். அதே இடத்துப் பற்களுக்கு 1833இல் ஜெர்மன் இயற்கையியலாளர் கௌப், காலிகோதீரியம் என்று பெயர் வைத்தார். பல் ஒரு விலங்கினுடையது, நகம் வேறொன்றினுடையது என்றே பல பத்தாண்டுகள் ஓடின. பிரான்சின் சான்சானில் கிடைத்த எலும்புகள்தான் இரண்டையும் ஒன்றுசேர்த்தன. பல்லைப் பார்த்தே காலைச் சொல்லலாம் என்ற கூவியேயின் கொள்கைக்கு இதைவிடப் பெரிய அடி விழுந்ததில்லை.

உணவைத் தெரிந்துகொள்ள நகத்தைப் பார்க்கக் கூடாது, கடைவாய்ப் பல்லைப் பார்க்க வேண்டும். புல்லிலுள்ள சிலிக்காவும் அதோடு வாய்க்குள் போகும் மண்ணும் பல்லை அரைத்துவிடும். அதனால் புல்மேயும் குதிரைக்குப் பல் உயரமானது. காலிகோதீரியத்தின் பல்லோ குட்டையானது. மென்மையான இலைக்கு அதுவே போதும். இறைச்சியை அறுக்கும் கத்திப்பல் கிடையாது. வளர்ந்த காலிகோதீரியத்துக்கு மேல் வெட்டுப்பல்லும் கோரைப்பல்லும்கூட இல்லை.

அப்படியானால் நகம் எதற்கு? கிளையை வளைத்து இழுக்க. முன்கால் நீளம், பின்கால் குட்டை. முதுகு பின்னோக்கிச் சரியும். நடக்கும்போது நகத்தை உள்ளே மடக்கி, விரல்களின் புறத்தை ஊன்றியது. உட்கார்ந்தால் தரையில் படும் இடுப்பெலும்புப் பகுதி தடித்திருப்பதால், குந்தியபடியே மேய்ந்திருக்க வேண்டும். கிழங்கு தோண்டியது என்றும் சிலர் எழுதுவார்கள். அப்படியிருந்தால் மண் உரசிய தேய்மானம் பல்லில் அப்பட்டமாகத் தெரிந்திருக்கும்.

எல்லா உறவினங்களுக்கும் இது பொருந்தாது. வட அமெரிக்க மோரோபஸ் விரலை மடக்கி நடக்கவில்லை. நகத்தை மேலே தூக்கிக்கொண்டு நடந்தது. அதன் முன்கால் விரல் ஒன்றில் இரண்டு எலும்புகள் ஒன்றாக ஒட்டியிருந்தன. எவ்வளவு பலமாக இழுத்தாலும் அந்த மூட்டு பிசகாது.

படத்தைத் திருத்தி வெளியிடுவதானால், ஓவியர் மானை நீக்கினால் மட்டும் போதாது. முன்பாதங்களை உள்நோக்கி மடக்கி வரைய வேண்டும், மேல்தாடையின் முன்புறத்தில் பல்லே இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
தொல்லுயிரியல் வாசகர்கள்