சீட்டைக் கீழே போட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. போன வாரம் நீ போனில் கேட்டபோது "பார்த்துச் சொல்றேன் ஆத்தா" என்று வைத்துவிட்டேன். பேங்க் வாசலில் காவலுக்குத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு பேசுகிற சங்கதியா அது? உன்னைப் போல இன்னும் நாலு பேர் ராணுவ முகாமுக்குப் பாடப் போகக்கூடும் என்பதால் எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே எழுதிவிடுகிறேன். உங்கப்பனுக்கும் படித்துக் காட்டு. அவன் டோலக்கைப் பற்றியும் இதில் இருக்கிறது.

லடாக்கில் லே ஊர் ராணுவ முகாமில் கச்சேரி, தேசபக்திப் பாட்டு எத்தனை தயார் பண்ணட்டும் என்று கேட்டாய். ஒன்று போதும். அதையும் கடைசியில் வை. விடிந்தது முதல் பரேடும் டியூட்டியுமாக இருந்துவிட்டு வருகிறவனிடம் நாட்டுக்காக உயிரைக் கொடு என்று மைக்கில் சொல்வது, மூன்று நாள் கல்யாணத்துக்குச் சமைத்துவிட்டு வீடு திரும்பிய சமையல்காரருக்கு இலை போட்டுச் சாம்பார் ஊற்றுகிற மாதிரி. குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு என்ன பாடுகிறாயோ அதைப் பாடு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிற கூட்டத்துக்குப் பாடுவாயே, அதையும் சேர்த்துத்தான்.

முதலில் மூச்சு. லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். காரைக்குடியில் நீ இழுக்கிற காற்றில் மூன்றில் ஒரு பங்கு அங்கே கிடையாது. விமானத்தில் போய் இறங்குகிற ஜவானுக்கே முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அப்புறம் மெல்ல நடை, அப்புறம் கொஞ்சம் ஏற்றம், ஆறு நாள் ஆன பிறகுதான் வேலை. இறங்கிய அன்றே மேடை ஏறச் சொன்னால் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடு. ஒரே மூச்சில் பாடுகிற வரியை இரண்டாக உடைத்துப் பாட இப்போதே பழகு. உச்சத்தில் நிற்கிற பாட்டை ஒரு கட்டை இறக்கிக்கொள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். டோலக்குக்கு அங்கத்துக் காய்ந்த காற்று ஆகாது; தோல் இழுத்துக்கொண்டு சுருதி ஏறும், விட்டால் கிழியும். ஜவான்கள் தங்குகிற பாரக்கில் புகாரி என்று மண்ணெண்ணெய்க் கணப்பு இருக்கும். உங்கப்பன் குளிருக்கு அதைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும், டோலக் தள்ளியே இருக்கட்டும். கீபோர்டை வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்த உடனே உறையைப் பிரிக்காதீர்கள், உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது சீட்டு.

நம்ம ஊர்த் திருவிழாவில் பாட்டை நடுவில் நிறுத்தி, இன்னார் நூறு ரூபாய் அன்பளிப்பு என்று பேர் வாசிக்கச் சொல்வார்களே, உனக்கு அது எரிச்சல் என்று தெரியும். அங்கே காசு வராது, சீட்டு வரும். பேர், ஊர், கேட்கிற பாட்டு. அவ்வளவுதான் இருக்கும்.

1994-ல் நான் பட்டாளத்தில் இருந்த காலம், நாங்கள் அந்தப் பக்கம் இருந்தபோது ஒரு படாகானா. அதிகாரி, ஜவான் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய விருந்து அது. கச்சேரியும் சேர்ந்துவிட்டால் லங்கரில், அதாவது சமையல்கூடத்தில், சப்பாத்தி போடுகிறவன்கூடக் கரண்டியால் தாளம் போடுவான். சின்னக் குழு ஒன்று வந்திருந்தது. பாடிய அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். உள்ளே இரண்டு ஸ்வெட்டர், மேலே பட்டுப்புடவை, தலையில் குரங்குக் குல்லா. குரல் பிரமாதமில்லை, உன் குரலில் பாதி தேறும். ஆனால் வந்த சீட்டு அத்தனையும் வாசித்தார். எங்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டில் தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடத்தான் எல்லாரும் உண்டு. வடக்கே எங்கள் எல்லாருக்குமே ஒரே பேர், 'தம்பி'. அந்த அம்மா அப்படிப் பொத்தாம்பொதுவாகக் கூப்பிடவில்லை. பேரையும் ஊரையும் எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஊர்ப் பேர் தப்பாக வந்தால் கூட்டமே சேர்ந்து திருத்தும். சிரித்துவிட்டு மறுபடி சொல்வார்.

என் பக்கத்துக் கட்டில்காரன் தேவகோட்டைப் பையன். அன்றைக்கு அவனுக்குச் சென்ட்ரி டியூட்டி, காவல். சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து அவன் பேரில் நான் எழுதிக் கொடுத்தேன். பேர், தேவகோட்டை, குளிக்கும்போது அவன் முனகுகிற பாட்டு. அந்த அம்மா வாசித்துவிட்டு, "எங்க இருக்கீங்க, கையைத் தூக்குங்க" என்றார். "டியூட்டி மேடம்" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினான். கொஞ்சம் நின்றார். பிறகு ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை வாசல் பக்கம் திருப்பச் சொல்லி, பேரையும் ஊரையும் இன்னொரு தரம் வாசித்துவிட்டுப் பாடினார்.

டியூட்டி மாறி ராத்திரி இரண்டு மணிக்கு வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. என்னை எழுப்பி, "தேவகோட்டைன்னு ரெண்டு தரம் சொன்னாங்கடா" என்றான். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு இடத்தில் வேறொரு குழு. பேர் எதற்கு. பெரிய குழு, கலர் கலராக விளக்கு. முன்வரிசை சோபாவில் உட்காருகிற அதிகாரிகளுக்கு ஏற்றபடி பாட்டு வரிசையை ஊரிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு பையன் வந்து சீட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு போனான். ஒன்றுகூட வாசிக்கவில்லை. கச்சேரி நல்ல கச்சேரிதான், பொய் சொல்லக்கூடாது, நானே ஆடினேன். மறுநாள் காலையில் ஹாலைக் கூட்டுகிற ஃபடீக் வேலை எனக்கு. கீபோர்டு வைத்திருந்த மேசைக்கு அடியில் சீட்டெல்லாம் கிடந்தது, மடித்தது மடித்தபடி. எண்ணினேன். 41. அதில் ஒன்று என் கையெழுத்து.

ரேடியோக்காரர்களுக்கு இந்த ரகசியம் எப்போதோ தெரியும். 1957-ல் தொடங்கிய விவித் பாரதியில் ஜவான்களுக்கென்றே 'ஜெய்மாலா' உண்டு. எனக்கு ஹிந்தி சரியாகப் புரியாத காலத்திலேயே அதைக் கேட்பேன், பாட்டு கேட்டவர்களின் பேர் வருமே, அதற்காக. இலங்கை வானொலிப் பிறந்தநாள் வாழ்த்தில் உன் அப்பன் பேர் வரும் என்று உங்க அப்பத்தா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த கதைதான்.

பெரிய பெரிய ஆட்கள் போயிருக்கிறார்கள். ஹிந்தி சினிமா சுனில் தத்தும் நர்கிஸும் 'அஜந்தா ஆர்ட்ஸ்' என்ற குழுவோடு எல்லை முகாம்களுக்குப் போனார்கள். 1965 போர் சமயத்தில் நம் பக்கத்திலிருந்து சிவாஜியும் எம்.எஸ்.வியும் போனார்கள். அதற்கும் முன்னால், 1944-ல், வேரா லின் என்ற வெள்ளைக்காரப் பாடகி பர்மா போர்முனைவரை வந்து பாடியிருக்கிறார். இதை மட்டும் என்னால் சும்மா தாண்ட முடியவில்லை. என் தாத்தா ரங்கூன் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் காடு மலை நடந்து ஊர் சேர்ந்தவர். அந்த முனையில் சண்டை போட்ட பிரிட்டிஷ் 14-வது படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். வேரா லின் பாடியது இங்கிலீஷ் சிப்பாய்களின் ஊர் நினைப்பை. நம்மாள் ஒருவன் தள்ளி நின்று கேட்டிருப்பான். அவனிடம் யார் சீட்டு வாங்கினார்கள்?

அதனால் ஆத்தா, பாட்டு நோட்டில் தெலுங்கு இரண்டு, மலையாளம் இரண்டு, ஹிந்தி நாலு ஏற்றிக்கொள். உச்சரிப்பு உதைத்தால் உதைக்கட்டும். சீட்டு வாசிக்க மட்டும் தனியாக அரை மணி நேரம் கேட்டு வாங்கு. கொடுக்கமாட்டேன் என்றால் உன் பாட்டில் இரண்டைக் குறை. டியூட்டியில் இருப்பவன் பேரில் சீட்டு கொடுக்கலாம் என்று முதலிலேயே மைக்கில் சொல்லிவிடு. தெரியாத பாட்டைக் கேட்டிருந்தால் மைக்கை அவனிடமே கொடு, கேட்டவனுக்கு அது நிச்சயம் தெரியும். பேரும் ஊரும் அந்த ஹாலோடு சரி. போட்டோ பிடித்து எந்த இடம், எந்த யூனிட் என்று போனில் ஏற்றி வைக்காதே.

பெரியம்மா மாவுருண்டையும் சீப்புச்சீடையும் செய்துகொண்டிருக்கிறாள். டின்னில்தான் தருவேன், பிளாஸ்டிக் பொட்டலம் அந்த உயரத்தில் பலூன் மாதிரி உப்பிவிடும். முதல் டின்னை லங்கர் ஆளிடம் கொடுத்துவிடு. உன் தொண்டைக்கு வெந்நீர் அவன் கையில்தான் இருக்கிறது.

பெரியப்பா,
காரைக்குடி