விருதுக்கு வாக்குச்சீட்டே வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், சிறந்த வீரர் விருதுகளை இனிக் கணினியிடமே விட்டுவிடலாம் என்ற கட்டுரையைப் படித்தேன். மனிதர்கள் வாக்களித்தால் பாரபட்சம் வரும் என்கிறார் கட்டுரையாளர். ஆட்டமே கணக்கில்தான் நடக்கிறது என்றால் அங்கே வாக்குக்கு வேலையே இல்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அப்படிக் கணக்கில் நடக்கும் ஓர் ஆட்டத்தில், பகடையும் அட்டையும் வைத்து மேசையில் ஆடும் பேஸ்பாலில், நான் 30 ஆண்டுகளாக இருக்கிறேன்.

நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கிடங்கில் 22 ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு 2015-ல் கும்பகோணம் திரும்பியவன் நான். அங்கே போன இரண்டாம் ஆண்டு, 1994 ஆகஸ்டில், அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரே நடக்கவில்லை. ஆட்டம் இல்லாமல் தவித்த சக ஊழியர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே பகடைகளும் நூற்றுக்கணக்கான அட்டைகளும். ஹால் ரிச்மன் என்பவர் சிறுவனாக இருந்தபோதே யோசித்து, 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற விளையாட்டு அது.

ஒவ்வொரு அட்டையும் ஓர் உண்மையான வீரரின் ஓர் ஆண்டு. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட் பிடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பந்து எறியும் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். அந்த ஆண்டு நிறைய ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தவரின் அட்டையில் ஹோம் ரன் வரிகள் அதிகம் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பகடை யாருக்கு, எந்த நேரத்தில், எப்படி விழும் என்பது யாருக்கும் தெரியாது.

எங்கள் லீக்கில் 12 பேர், 12 அணிகள். ஓஹையோவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர்கள் இருவர், ஒரு லாரி ஓட்டுநர் என்று பல தொழில்காரர்கள். ஏலம் போல முறை வைத்து வீரர்களை எடுத்துக்கொள்வோம். முன்பு நேரில் விளையாடினோம். இப்போது வீடியோ அழைப்பில், பகடை மேல் கேமரா வைத்து. சீசன் முடிந்ததும் நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு விருது அறிவிப்பு. எனக்கு அது ஞாயிறு காலை 6:30 மணி.

வாக்களிக்கும் முறையை நிஜ பேஸ்பாலிலிருந்தே எடுத்துக்கொண்டோம். அங்கே பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களிக்கிறார்கள். மிகச் சிறந்த வீரர் விருதுக்குப் பத்து பெயர்களை வரிசையாக எழுத வேண்டும்; முதல் இடத்துக்கு 14 புள்ளி, இரண்டாவதுக்கு 9, பிறகு 8, 7 என்று இறங்கும். எங்களுக்கென்று இரண்டு விதிகளைச் சேர்த்தோம். உங்கள் அணி வீரருக்கு நீங்கள் வாக்களிக்கக் கூடாது. முதல் இடத்துக்கு யாரை எழுதினாலும், ஏன் என்று இரண்டு வரி எழுதிப் படிக்க வேண்டும்.

வாக்களிப்பவர்கள் தவறே செய்ய மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 1947-ல் டெட் வில்லியம்ஸ் பேட்டிங் சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ரன்கள் மூன்றிலும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம். (அங்கே அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக்குகள்; ஒவ்வொன்றுக்கும் தனி விருது.) விருது ஜோ டிமாஜியோவுக்குப் போனது, 202-க்கு 201 என்று ஒரே ஒரு புள்ளியில். 1999-ல் ரஃபேல் பல்மைரோ, ஓடுபவர் தொட வேண்டிய முதல் இடமான முதல் பேஸில் ஃபீல்டராக வெறும் 28 ஆட்டங்கள்தான் நின்றார். அணி மேலாளர்களும் பயிற்சியாளர்களும் சேர்ந்து அவருக்கே அந்த இடத்தின் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளவ் விருதைக் கொடுத்தார்கள். அது வெட்கக்கேடுதான். ஆனால் எழுத்தாளர்களின் வாக்குதான் 2010-ல், அணியின் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரில் எழுதும் கணக்கில் 13 வெற்றி, 12 தோல்வி மட்டுமே இருந்த ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைத் தந்தது. பிட்சரின் வெற்றிக் கணக்கைப் பார்த்தே வாக்களித்துப் பழகிய கூட்டம், பல ஆண்டுகள் வாதாடிய பிறகு மனம் மாறியிருந்தது. வாதம் நடந்ததால்தான் மாறினார்கள்.

எங்கள் லீக்கிலும் கட்டுரையாளர் சொல்வதைச் செய்து பார்த்தோம். மூன்று சீசன்களுக்கு முன்பு, சண்டை வேண்டாம், நேரமும் மிச்சம் என்று ஒருவர் சொல்ல, எல்லா ஆட்டங்களின் கணக்கையும் ஒரு கணினி நிரலில் கொடுத்து விருதுகளை அதுவே எடுத்துத் தரட்டும் என்று முடிவு செய்தோம். நானும் அதற்குக் கை தூக்கியவன்தான். நான்கு நிமிடத்தில் அறிவிப்பு முடிந்தது. அதற்கு முன் வந்த விருதுகளை எல்லாம் என்னால் இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். அந்த ஒரு ஆண்டு விருது யாருக்குப் போனது என்று எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் நினைவில்லை.

சரி, போன சீசனுக்கு வருகிறேன். 1987-ஆம் ஆண்டு அட்டைகள். நிஜத்தில் அந்த ஆண்டு நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் சிகாகோ கப்ஸின் ஆண்ட்ரே டாசன். 49 ஹோம் ரன். அவர் அணியோ தன் பிரிவில் கடைசி. இரண்டாவதாக வந்தவர் செயின்ட் லூயிஸின் ஓஸி ஸ்மித். ஒரு ஹோம் ரன் கூட அடிக்காதவர். ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர். அந்த இடத்தில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. நிஜத்தில் நடந்த அந்த வழக்கு எங்கள் பகடையிலும் திரும்ப நடந்தது. எங்களிடமும் டாசன்தான் ஹோம் ரன்னில் முதலிடம். கணக்குத் தாளைப் பார்த்தால் போட்டியே இல்லை.

அப்போது அந்தத் தபால்காரர் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். பிட்சரின் அட்டையில் சில வரிகள் பந்தை ஃபீல்டரிடம் அனுப்பிவிடும். பிறகு இருபது முகப் பகடையை உருட்டி, அந்த ஃபீல்டரின் தரத்தை வைத்து முடிவு பார்க்க வேண்டும். 1 தான் உயர்ந்த தரம். ஓஸியின் அட்டையில் 1. ஓஸி இருந்த அணியோடு தான் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும், பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போனபோதெல்லாம் அவர் குறித்து வைத்திருந்தார்: எத்தனையாவது இன்னிங்ஸ், பேஸ்களில் யார் யார், சாதாரண ஃபீல்டராக இருந்தால் என்ன ஆகியிருக்கும். தன் அணி தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். குறித்து வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எங்கள் கணக்குத் தாளில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. அவர் முடித்ததும் இரண்டு பேர் தங்கள் சீட்டைத் திருப்பிக் கேட்டு மாற்றி எழுதினார்கள். ஓஸி ஸ்மித் சிறிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நிரலில் அதற்கும் ஒரு கட்டம் சேர்த்துவிடலாமே என்று கட்டுரையாளர் கேட்கலாம். சேர்க்கலாம்தான். ஆனால் எந்தக் கட்டம் இல்லை என்று கண்டுபிடித்தது, தோற்றுப்போன ஒரு மனிதர். இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு வீரரின் திறமையும் அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது. விருதை அதற்குக் கொடுப்பதென்றால் சீசன் தொடங்கும் முன்பே கொடுத்துவிடலாம். நடந்தது என்ன, அது எவ்வளவு பெரிது என்பதற்குத்தான் விருது. அதை ஆடியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் அணியின் பிட்சர் நோலன் ரையன். 1987-ல் நிஜத்தில் அவர் 8 வெற்றி, 16 தோல்வி. ஆனால் நேஷனல் லீக்கில், எதிரணிக்குக் கொடுத்த ரன்களின் மிகக் குறைந்த சராசரியும், பேட்டரைப் பந்தாலேயே வெளியேற்றும் ஸ்ட்ரைக்-அவுட்டில் அதிக எண்ணிக்கையும் அவருடையவை. அன்று சை யங் விருது ஸ்டீவ் பெட்ரோசியனுக்குப் போனது. வாக்கெடுப்பில் ரையன் பெயர் முதல் மூன்றில்கூட இல்லை. எங்கள் சீசனிலும் என் பேட்டர்கள் அவருக்கு ரன் எடுத்துத் தரவே இல்லை. ஏழெட்டு முறை ஒரு ரன் வித்தியாசத்தில் தோற்றார். விதிப்படி அவருக்கு நான் வாக்களிக்க முடியாது, பேசவும் கூடாது என்று இருந்தேன். அந்த ஞாயிறு காலை, சிறந்த பிட்சர் விருதுக்கான மற்ற 11 சீட்டுகளில் 7 சீட்டுகளில் அவர் பெயரே முதலில் வந்தது. "இவரிடம் நான் ஜெயித்த ஆட்டத்துக்கு எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது" என்று லாரி ஓட்டுநர் தன் இரண்டு வரியில் எழுதியிருந்தார். ஓஹையோவிலிருந்து சான்றிதழ் தபாலில் வந்து சேர மூன்று வாரம் ஆனது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

அடுத்த விருது நாள் வரும் நவம்பரில். கட்டுரையாளர் விரும்பினால் அந்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு என் வீட்டுக்கு வரட்டும். சீட்டுகளைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
கும்பகோணம்.