எதிரி வானொலியைக் கேட்டவர்களைக் கேளுங்கள்

வடக்கில் ஊடகமும் வரலாறும் கற்பிக்கும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு,

வணக்கம். புதுக்குடியிருப்பில் இருந்து எழுதுகிறேன். போர்க்கால வானொலி பற்றி உங்கள் மாணவர்கள் ஆய்வு செய்தால், பேசியவர்களோடு நிற்காமல் கேட்டவர்களையும் தேடச் சொல்லுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் 'டோக்கியோ ரோஸ்' என்ற பெண் வானொலியில் பேசியே அமெரிக்கச் சிப்பாய்களின் மனதை உடைத்தாள் என்பார்கள். அப்படி ஒருத்தி இருக்கவே இல்லை. டோக்கியோ வானொலியின் பல பெண் குரல்களுக்குச் சிப்பாய்களே வைத்த பெயர் அது. சிப்பாய்களில் பலர் அந்த வானொலியைப் பாட்டுக்காகத்தான் கேட்டார்கள். ஆனால் பழி அந்தக் குரல்களில் ஒன்றான ஐவா டொகுரியின் தலையில் விழுந்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்து, உறவினரைப் பார்க்க ஜப்பானுக்குப் போன இடத்தில் போரில் அகப்பட்டவர் அவர். 1949இல் அமெரிக்காவில் தேசத்துரோகி என்று 10 வருடச் சிறை விதித்தார்கள். முக்கிய சாட்சிகள் இருவர், தங்களை வற்புறுத்திப் பொய் சொல்ல வைத்ததாக 1976இல் ஒப்புக்கொண்டார்கள். 1977இல் ஜனாதிபதி ஃபோர்ட் மன்னிப்பு வழங்கினார்.

வியட்நாம் போரில் ஹனோய் வானொலியில் திரின் தி ங்கோ என்ற பெண் செய்தது வேறு. இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர்களை வாசித்தார். பாட்டுக்காகத் திருப்பியவன் காதில் கூட்டாளியின் பெயர் விழுந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை அவன்தான் சொல்லவேண்டும்.

சரி, எங்கள் வன்னிக்கு வருவோம். விடுதலைப் புலிகள் 1990இல் தொடங்கிய 'புலிகளின் குரல்' வானொலி சிங்களத்திலும் பேசியது. 2007 நவம்பர் 27ஆம் திகதி விமானப்படை அந்த நிலையத்தைக் குண்டு வீசி அழித்தது, ஊழியர்களும் இறந்தார்கள். யுனெஸ்கோ கண்டித்தது. இதெல்லாம் பதிவில் இருக்கிறது. அந்தச் சிங்கள ஒலிபரப்பைக் காவலரணில் இருந்து கேட்ட ஆமிக்காரரிடம் யார் போய்க் கேட்டார்கள்?

எங்கள் சனத்திடமும் கேளுங்கள். பொருளாதாரத் தடையால் பற்றறி கிடைக்காத 90களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் இது. புலிகளின் குரலைக் கேட்ட அதே வீட்டில் அரச வானொலியும் பாடியது. இழப்புக் கணக்கை இரண்டு பக்கமும் கேட்டு, பிறகு பிபிசி தமிழோசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எதை நம்பினார்கள், எதைக் கேட்டுப் பயந்தார்கள் என்பது அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அந்த வயதுக்காரர் குறைந்துகொண்டே போகிறார்கள்.

தெற்கில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற சிப்பாய்கள் சிங்கள மாணவரிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். பெயர் வெளியிடமாட்டோம் என்று இரு பக்கத்தவருக்கும் எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் இங்கே ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒலிப்பதிவுக்கு அமைதியான இடம் வேண்டுமென்றால், எங்கள் சனசமூக நிலையத்தில் நானே கேட்டு ஒழுங்கு செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
புதுக்குடியிருப்பு வானொலி நேயர் ஒருவர்