எங்கள் பெரியவர்களை ஆசிரியர்களாக அழையுங்கள்

பள்ளிப் பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் குறும்பர் பழங்குடியினர் வாழும் ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். காடு அழியக் காரணம் என்ன என்ற தேர்வுக் கேள்விக்கு என் அக்கா மகள் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். 'காட்டில் வாழும் மக்கள் மரம் வெட்டுவதும் தேனுக்காகத் தீ வைப்பதும்' என்பதுதான் அவள் எழுதிய முதல் காரணம். பள்ளியில் கொடுத்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது. அதை அவள் தன் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். அவர் மலைத்தேன் எடுப்பவர்.

காட்டுக்கொடியை முறுக்கி ஏணி கட்டி, செங்குத்துப் பாறையில் இறங்குவார். மேலே ஏணியைக் காத்து நிற்பவர் மைத்துனர். வேறு யாரையும் நம்பி இறங்குவதில்லை. பச்சை இலைப் புகையால் ஈக்களை விலக்கித் தேன் உள்ள பகுதியை மட்டும் அறுப்பார். புழு இருக்கும் அடையில் கை வைக்க மாட்டார். அடுத்த ஆண்டும் ஈக்கள் அதே பாறைக்கு வர வேண்டும் அல்லவா? எந்த மரம் எப்போது பூக்கும், நாவல் பூத்த காலத்துத் தேன் ஏன் கசக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பேத்திக்குத் தெரியாது. சிறு வயதிலேயே விடுதிக்குப் போனவள் அவள். பள்ளி நாளில் தாத்தாவோடு காட்டுக்குப் போனால், பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதுகிறார்கள்.

எங்கள் பெரியவர்களை ஆசிரியர்களாக அழையுங்கள் என்பதே என் கோரிக்கை.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. காட்டைக் காக்கும் உரிமையையும் மரபறிவின் மீதுள்ள உரிமையையும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் எங்களுக்கு ஏற்றுத் தந்திருக்கிறது. காட்டைக் காப்பவர்கள் என்று சட்டம் சொல்லும் எங்களைப் பள்ளிக் குறிப்பு அழிப்பவர்கள் என்கிறது. தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகளில் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டவர்கள் யார்? அழகுக்கென்று உண்ணிச்செடியை (லாண்டானா) வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் யார்? நாங்கள் அல்ல. தாங்கள் ஆண்டுதோறும் சருகுக்கு வைத்த சிறு தீ நிறுத்தப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது என்று கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளிகர் பழங்குடியினர் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் மட்டும் தங்கள் வீட்டாரைக் குற்றவாளிகளாக எழுதி மதிப்பெண் வாங்க வேண்டியிருக்கிறது. இதை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னியுங்கள். மலைப் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளைகள் அந்தந்த ஊர்ப் பெரியவர்களோடு காட்டில் படிக்கட்டும். அந்த நாளுக்கு வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் இருக்கட்டும். பெரியவர்களுக்கு மதிப்பூதியம் கொடுங்கள். குறிப்புகளை அச்சிடும் முன் அவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். எங்கள் பெரியவர்களை ஆசிரியர்களாக அழையுங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்கிறேன்.

அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன். நேரில் பேச நீங்கள் எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால், பெரியவர்கள் எல்லோரையும் கூட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்மாமன்